உயிர் என்னும் சொல்லும் இளங் கிறிஸ்தவரும்

ரொனால்ட் சைடர் என்பார் 1987-ல் வெளியிட்ட ஆங்கில நூலொன்றைப் பீடோர் இளைஞர் ஒருவர் நம்மிடம் படிக்கத் தந்தார். ‘முழுக்க முழுக்க உயிரின் பக்கம்’ என்று அதன் தலைப்பைத் தமிழிற் கூறலாம். இளைஞர் சுவிசேஷ சபையொன்றைச் சேர்ந்தவர். 2022 ஏப்ரல் 27-ந் தேதி ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் தர்மலிங்கம் சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்திய ஞாயிறன்று, அவருக்காக ஜெபிக்க வேண்டுமென்று இவ்விளைஞர் தம் சபையிற் கேட்டாராம். “அது சர்க்கார் காரியம், தம்பி” என்று மூப்பர் அமர்த்திவிட்டு, கருவிலிருக்கும் சிசுவின் உயிரைப் பற்றி ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தாராம்.

சைடரின் நூல் இத்தகைய மூப்பர்களை நோக்கியே எழுதப்பட்டது. கருவிலுள்ள சிசுவுக்காகக் கண்ணீர் விடுவோர், அது பிறந்தபின் பசியால் வாடுவதையும் அணுகுண்டால் அழிவதையும் கண்டு வாளாவிருப்பது எங்ஙனம் என்பதே அதன் வினா. இக்கருத்தை 1983-ல் கார்டினல் பெர்னார்டின் நியூயார்க்கிலுள்ள போர்டாம் சர்வகலாசாலையில் எடுத்துரைத்தார். ‘தையலில்லாத அங்கி’ என்று இதற்கொரு பெயரும் வழங்கிற்று. அழகிய பெயர்.

மூப்பர்கள் தங்கள் கொள்கை ஆதிமுதல் மாறாதது என்பர். ஆனால் அமெரிக்காவின் தென் பாப்டிஸ்டு மகாசபை 1971-ல், தாயின் தேக நலமோ மனநலமோ கெடுமாயின் கருச்சிதைவுக்குச் சட்டம் இடந்தரலாம் என்று தீர்மானித்தது. அதே மகாசபை பின்னர் அதை எதிர்த்துநின்று, 2000-ல் மரணதண்டனையை ஆதரித்தும் தீர்மானம் செய்தது.

நிற்க. மூப்பர் பக்கத்திலும் ஒரு நியாயமுண்டு. சிசு குற்றமற்றது, தூக்கிலேறுபவன் குற்றவாளி, இரண்டையும் ஒன்றென்பது சரியாகாது என்பர். இது எளிதில் தள்ளத்தக்க வாதமன்று. இங்கேதான் சைடரின் நூலில் நமக்குக் குறை தோன்றுகிறது. கருச்சிதைவு, குடும்பம், அணு ஆயுதம், ஏழைகள் என நான்கைத் தலைப்பின் கீழ் நிறுத்துகிறார். தூக்குமரம் அவ்வரிசையில் இல்லை. ‘முழுக்க முழுக்க’ என்று பெயரிட்டவர் இதையன்றோ முதலில் எடுத்திருக்க வேண்டும்? நம் இளைஞரின் கேள்விக்கு விடை வேண்டின், ஷேன் கிளெய்போர்ன் மரணதண்டனையை எதிர்த்து 2016-ல் எழுதிய நூலுக்குத்தான் செல்ல வேண்டும்.

மூப்பரை நினைத்து முதலில் நகைத்தோம். பிறகு நம் வீட்டுக் குறளை நினைத்ததும் நகைப்பு நின்றது. வள்ளுவர் புலால் மறுத்தலையும் கொல்லாமையையும் துறவறவியலில் வைத்தார். பொருட்பாலில் செங்கோன்மைக்கு வந்ததும், அரசன் கொடியாரைக் கொலையால் ஒறுப்பது பசும்பயிரிற் களையெடுப்பதற்கு நிகர் என்று பரிமேலழகர் உரைகாணும் குறளோடு அவ்வதிகாரத்தை முடித்தார். ஞாயிறுதோறும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் குறள் சொல்லும் நாம், இவ்விரண்டையும் அடுத்தடுத்த மாதங்களிற் சற்றும் தயங்காது விளக்கியிருக்கிறோம். ஒரு பிள்ளையும் கேட்கவில்லை, நாமும் கேட்டுக்கொள்ளவில்லை.

ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டத்திற் கணக்கெழுதும் கிராணி நாம். களையெடுப்போரின் பேர்போடுவது நம் அன்றாட வேலை. களை தான் செய்த குற்றத்துக்காகப் பிடுங்கப்படுவதில்லை. தோட்டத்துக்கு வேண்டாததாய் முளைத்தமையாற் பிடுங்கப்படுகிறது. நாகேந்திரன் யாரையும் கொன்றவரல்லர். 42.72 கிராம் ஹெராயின் கடத்தியதே குற்றம். அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று வழக்கிற் கூறப்பட்டது. இவரைக் களை என்று எழுத நமக்குக் கை வரவில்லை. ஆனால் அக்குறளைப் பிள்ளைகளுக்கு விளக்கியபோது, களை யாரென்று நிச்சயிப்பவர் யார் என்றும் நாம் சொல்லவில்லை.

மலேசியாவில் 2023-ல் கட்டாய மரணதண்டனை நீக்கப்பட்டு, தண்டனை நீதிபதியின் விருப்பத்துக்கு விடப்பட்டது. தூக்குமரம் நீக்கப்படவில்லை.

நூலைத் திரும்ப வாங்க இளைஞர் நேற்று வந்தார். பிடித்திருந்ததா என்று கேட்டார். பாதி பிடித்தது என்றோம். குறளைப் பற்றி அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. வருகிற ஞாயிறு வகுப்பில் செங்கோன்மை நடத்த வேண்டியிருக்கிறது.