உள்ளங்கை ரயிலுக்கு ஒரு மலை

ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனம் 1972இல் கொண்டுவந்த இசட் அளவு மாதிரி ரயில், அசலில் 220இல் ஒரு பங்கு. தண்டவாள அகலம் 6.5 மில்லிமீட்டர்தான். அதற்கு மலை, குகைப்பாதை எல்லாம் வார்த்த ஆயத்த நிலப்பரப்பை நோக் நிறுவனம் விற்கிறது. சரிவும் வளைவும் கணக்குப் பிசகாது. ஆனால் அதே மலை இன்னும் பல வீடுகளில் இருக்கும்.

கையால் செய்வதன் சுகமே வேறு. தெர்மகோலை அடுக்கிச் செதுக்கி, பிளாஸ்டர் தோய்த்த துணியைப் போர்த்தி, காயுமுன் பாறை வெடிப்புகளைக் கீறலாம். சாயமேற்றிய மரத்தூள் புல்லாகும். மண்ணை மட்டும் நன்றாகச் சலிக்க வேண்டும்: ஒரு மில்லிமீட்டர் மணல் இங்கே 22 சென்டிமீட்டர் கல்!

நேரமில்லாதவர்கள் ஆயத்த நிலத்தையே வாங்குங்கள்; புல்லையும் மரத்தையுமாவது உங்கள் கையால் வையுங்கள்.