குதிரை எலும்பு ஊசியும் சிறு சுத்தியலும்

இத்தாலியில் ஓர் ஊரின் நாக்கை அறிய உணவகத்தைவிட இரண்டு கடைகளே நல்ல இடம். ஒன்று சலுமெரியா, உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சியும் பாலாடைக்கட்டியும் அங்கே கிடைக்கும். மற்றது பாஸ்திச்செரியா என்னும் இனிப்புக் கடை. மோதெனாவின் ஜூஸ்தி சலுமெரியா 1605-இலும், மிலானின் கோவா இனிப்பகம் 1817-இலும் தொடங்கியவை. இத்தகைய கடைகளின் தரத்தை அளக்க நான் கேட்பது ஒன்றே: எதை இவர்கள் விற்க மறுக்கிறார்கள்?

இறைச்சி மரபில் முதல் மரியாதை பார்மாவின் ப்ரொஷுட்டோவுக்கு. பன்றித் தொடையும் கடல் உப்பும் தவிர அதில் வேறொன்றும் இல்லை. தோல் பக்கத்துக்கு ஈர உப்பு, சதைப் பக்கத்துக்கு உலர்ந்த உப்பு என்று பக்குவம் பார்த்துத் தேய்ப்பவர் உப்பு மேஸ்திரி. பிறகு லாங்கிரானோ வட்டாரத்து மலைக்காற்றில் ஓராண்டுக்கு மேல் தொங்கும். கடைசியில் பரிசோதகர் வருவார். குதிரையின் கால் எலும்பில் செய்த மெல்லிய ஊசியைத் தொடையின் ஐந்து இடங்களில் குத்தி எடுத்து, ஒவ்வொரு முறையும் முகர்ந்து பார்ப்பார். நுண்துளைகள் கொண்ட அந்த எலும்பு வாசனையைச் சட்டென்று வாங்கும், அடுத்த குத்துக்குள் விட்டும் விடும். ஓரிடத்தில் வாடை தப்பினாலும் அந்தத் தொடைக்கு ஐந்து முனைக் கிரீட முத்திரை விழாது. 1963-இல் உற்பத்தியாளர்கள் சேர்ந்து அமைத்த சங்கம் இந்த முத்திரையைக் காக்கிறது.

ஃப்ரியூலியின் சான் தனியேலே இன்னொரு பள்ளி. அங்கே குளம்போடு பதப்படுத்துவார்கள். அழுத்தி எடுப்பதால் தொடை கித்தார் வடிவம் பெறும். வடக்கு மலைநாட்டு ஸ்பெக் இலேசாகப் புகையூட்டியது. கொலொன்னாத்தாவில் பன்றிக் கொழுப்பைக் கராரா சலவைக்கல் தொட்டிகளில் உப்போடும் மூலிகைகளோடும் ஊறவைக்கிறார்கள். தெற்கே கலாப்ரியாவின் ந்தூயா என்னும் தொத்திறைச்சி, ரொட்டியில் தடவும் பதத்தில், மிளகாய்ச் சிவப்பில் இருக்கும். போலோஞ்ஞாவின் மொர்த்தாதெல்லா தொத்திறைச்சிக்கோ 1661-லேயே கர்தினால் ஃபர்னேசே ஆணை பிறப்பித்து வரம்பு கட்டிவிட்டார்.

ப்ரொஷுட்டோவுக்கு மூக்கு என்றால் பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டிக்குக் காது. ஒரு சக்கரத்துக்கு ஏறத்தாழ 550 லிட்டர் பால் போகிறது. எடை 40 கிலோவை நெருங்கும். 12 மாதம் ஆனதும் பரிசோதகர் சிறு சுத்தியலால் சுற்றிலும் தட்டிக் கேட்கிறார், பானை வாங்குபவர் சுண்டிப் பார்ப்பதைப் போல. உள்ளே வெடிப்போ பொந்தோ இருந்தால் ஓசை மாறிவிடும். தேறாத சக்கரத்தின் மேல்தோலில் உள்ள பெயரெழுத்துகளைச் சீவி எடுத்துவிடுவார்கள். இவ்வளவு பாலும் ஓராண்டு உழைப்பும் போன பிறகு பெயரைப் பறிக்க நெஞ்சுரம் வேண்டும். இந்த மரபில் நான் மிகவும் மதிப்பது அதைத்தான்.

கடைக்கும் அந்தக் கண்டிப்பு உண்டு. இறைச்சியை 100 கிராம் கணக்கில், 'எத்தோ' என்று சொல்லி வாங்குவார்கள். கேட்ட பிறகே நல்ல கடைக்காரர் சீவுவார், மறுபுறம் தெரியும் மெல்லிசாக. சிசிலியின் கன்னோலியும் அப்படித்தான். பொரித்த குழலில் செம்மறிப்பால் ரிக்கோத்தாவை முன்கூட்டியே நிரப்பினால் மொறுமொறுப்பு போய்விடும். ஆர்டர் வந்த பின் நிரப்புகிற கடையையே நம்பலாம்.

சிசிலி இனிப்பின் வேர் கன்னிமாடங்களில் இருக்கிறது. பலெர்மோவின் மர்தொரானா மடத்தின் பெயராலேயே பாதாம் மாவுப் பழங்கள் வழங்குகின்றன. நேப்பிள்ஸின் ஸ்ஃபோலியத்தெல்லாவும் அமால்ஃபிக் கரையின் சாந்தா ரோசா மடத்தோடு சேர்த்துப் பேசப்படுவது. 1818 வாக்கில் பின்தாவுரோ என்னும் கடைக்காரர் அதை நகரத்துக்குக் கொண்டுவந்தார். அதில் இரண்டு கட்சிகள். 'ரிச்சா'வுக்கு மாவைத் தாள் போல இழுத்து, பன்றிக் கொழுப்பு தடவிச் சுருட்டி, வெட்டி, சிப்பியாக விரிக்க வேண்டும். 'ஃப்ரொல்லா' வழுவழுப்பான உதிரிமாவு. உள்ளே வைப்பது இரண்டிலும் ஒன்றே: ரவை, ரிக்கோத்தா, சர்க்கரைப் பாகில் ஊறிய நாரத்தைத் தோல். நான் ரிச்சா கட்சி. அந்தக் கைவேலைக்கு ஈடில்லை.

தூரினில் ஹேசல் பருப்பும் சாக்லேட்டும் சேர்ந்த ஜந்துயோத்தோ ஆட்சி செய்கிறது. மிலானின் பனெத்தோனே கேக் 20-ஆம் நூற்றாண்டில் ஆலைக்குப் போனது. ஆலையில் மூக்கும் காதும் எட்டாத இடம் நிறைய. அதனால் 2005-இல் அரசே ஆணை போட்டது: இயற்கைப் புளிமாவு வேண்டும், வெண்ணெய் 16 சதவீதத்துக்கும், உலர் திராட்சையும் பாகில் ஊறிய பழத்தோலும் 20 சதவீதத்துக்கும் குறையக் கூடாது. குறைந்தால் பெட்டியில் பனெத்தோனே என்ற பெயரைப் போட முடியாது.