நாலு கிண்ணம் தேன்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே, அடிவாரத்தில் இருக்கிறது காளப்பநாயக்கன்பட்டி. இங்கே சாயங்காலம் நண்பர்கள் வந்தால் நான் எடுத்து வைப்பது தேன். கொம்புத்தேன், பொந்துத்தேன், மலைத்தேன், கொசுத்தேன் என்று தனித்தனிக் கிண்ணங்களில். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு வாய் வெந்நீர், கொஞ்சம் பொரி.

கொசுத்தேனைக் கடைசிக்கு வையுங்கள். கொட்டத் தெரியாத அந்தச் சின்னத் தேனீ, மெழுகோடு மரப்பிசினைக் குழைத்துச் சிறு குடங்கள் கட்டி, அதில் தேனைச் சேர்க்கிறது. மற்றவற்றைவிட நீர்த்திருக்கும். நாக்கில் விட்டால் முதலில் இனிப்பு, பின்னாலேயே ஒரு புளிப்பு, அப்புறம் பிசின் வாசம். அதற்குப் பிறகு வேறெதுவும் எடுபடாது, எனக்கு அதுதான் முதல் தரம்.

வாங்கும்போது எந்தத் தேனீயின் தேன் என்று கேட்டு வாங்குங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் ஒரு சொட்டுகூடக் கொடுக்காதீர்கள்.