வண்ணம்: தாள அளவோ எழுத்தோசையோ?

வண்ணம் என்னுஞ் சொல் இயலுக்கும் இசைக்கும் பொது. இசையரங்கில் வருணம் எனப்படுவது வேறோர் உருப்படி. அதனை ஈண்டுக் கருதிற்றிலம். வண்ணமாவது தாள அளவே என்பாரும் உளர். அக்கொள்கை பொருந்துமாறு இல்லை என்பதே யாம் காட்ட விழைவது.

தொல்காப்பியர் செய்யுளியலில் வண்ணம் 20 எனக் கூறினார். அவற்றுள் எண்ணு வண்ணம் எண்ணிச் சேறலானும், அகப்பாட்டு வண்ணம் பாட்டு முடியும் இயல்பானும் பெயர் பெற்றன. இவற்றைத் தாளத்துள் அடக்குதல் எங்ஙனம்?

இனி, அருணகிரிநாதரின் திருப்புகழ் தாளத்தொடு பாடப்பெறுவதே. ஆயினும் சந்தக் குழிப்பில் ‘தத்த’, ‘தந்த’ என வருவனவற்றை நோக்குக. யாப்பில் இரண்டும் தேமாவே. தாளத்திலும் ஒத்த அளவினவே. வண்ணமோ முன்னதற்குக் ‘கற்ற’ என்பது போலவும், பின்னதற்கு ‘வந்த’ என்பது போலவும் சொல் வேண்டும். மாற்றிவைப்பின் வண்ணங் கெடும். யாப்பும் தாளமும் ஒன்றெனக் கொள்வனவற்றை எழுத்தின் இனத்தால் வேறு பிரிப்பது அதன் தனியியல்பு. வல்லிசை, மெல்லிசை வண்ணங்களில் தொல்காப்பியர் அவ்வினத்தின் மிகுதியைக் கருதினார். பின்னோர் அது நிற்கும் இடத்தையும் வரையறுத்தனர். தண்டபாணி சுவாமிகள் (1839-1898) வண்ணத்திற்கெனவே ‘வண்ணத்தியல்பு’ என்னும் தனி இலக்கணம் யாத்தமையும் ஈண்டு நினையத்தகும்.