கிரகணப் பலனும் கடல் பொங்கிய நாளும்

கிரகணம் நேர்ந்தால் பஞ்சமும் நோயும் நிலநடுக்கமும் தொடரும் என்பார்க்குப் பெருந்துணையாக நிற்கும் நூல், வராகமிகிரர் 6-ஆம் நூற்றாண்டில் வடமொழியில் இயற்றிய பிருகத் சம்ஹிதையாகும். அதனை நாம் நடுநிலையில் நின்று ஆராய்வோம்.

முதற்கண், ஆசிரியர்க்குரிய புகழை அளித்தல் நம் கடன். பூமியின் நிழலில் மதி புகுவதே சந்திர கிரகணம், கதிரவனை மதி மறைப்பதே சூரிய கிரகணம், இராகு காரணமன்று என அவரே தெளிவுற எழுதினார். அவர்க்கு முன்னரே ஆரியபட்டரும் கிரகணத்தை நிழலென உரைத்தார். எனினும், அதே அதிகாரத்தில் கிரகணத்தின் நிறத்திற்கும் மாதத்திற்கும் ஏற்பத் தீப்பலன்களை அடுக்குகிறார். நிழலென்று அறிந்தபின் அஞ்சுவானேன்? பாம்பு போயிற்று, நஞ்சு மட்டும் நின்றது! இதுவே இந்நூலின் பெருங்குறை.

இக்காலத்துச் சோதிடர் 1999-ஆம் ஆண்டை எடுத்துக் காட்டுவர். ஆகஸ்டு 11-இல் துருக்கியில் முழுச் சூரிய கிரகணம் தோன்றிற்று. 17-இல் இஸ்மித் நகரருகே நிலம் நடுங்கி 17,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆனால் அந்நாட்டு நிலப்பிளவில் 1939 முதல் நடுக்கங்கள் மேற்கு நோக்கி நகர்ந்து வந்தன. இஸ்மித்துக்கு ஆபத்துண்டென ஆராய்ச்சியாளர் 1997-இலேயே எழுதினர். அவர்கள் நோக்கியது பாறையை, வானத்தையன்று.

கணக்கையும் பார்ப்போம். ஆண்டுதோறும் 4 முதல் 7 கிரகணங்கள் நிகழ்கின்றன. ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் ஒரு மாதம் தவணை கொடுத்தால், ஆண்டில் ஏறக்குறைய ஐந்து மாதங்கள் அதனுள் அடங்கும். 7 அளவுக்கு மேற்பட்ட நிலநடுக்கங்களோ ஆண்டுக்குச் சராசரி 15. அவற்றுள் ஆறேனும் தவணைக்குள் தாமே விழும். இதில் சோதிடத்தின் வெற்றி யாது?

நம்மவர் மறக்கவொண்ணாத நாள் 2004 டிசம்பர் 26. நாகப்பட்டினத்திலும் பினாங்கிலும் கடல் புகுந்து உயிர்களை வாரிச் சென்றது. அன்று கிரகணமில்லை, முந்தியது அக்டோபர் 28-இல் கழிந்துவிட்டது. அன்று பௌர்ணமி என்பர் சிலர். பௌர்ணமி ஆண்டுக்குப் பன்னிரண்டு முறையேனும் வருகிறதே! சரியாகப் பதினைந்து ஆண்டு கழித்து, 2019 டிசம்பர் 26-இல், தமிழகத்திலும் சிங்கப்பூரிலும் கங்கண கிரகணம் தோன்றிற்று. அன்று எக்கரையிலும் கடல் பொங்கவில்லை.

2004-இல் சுமத்திராவருகே நிலம் நடுங்கியபின் அலை தமிழகக் கரையை எட்ட இரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. ஓடித் தப்ப அந்நேரம் போதும், சொல்வாரில்லை. அக்குறையை நீக்கவே 2007-இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் நிறுவப்பட்டது. அழிவு வந்தபின் காரணம் கூறும் பலன் ஒருவரையும் காவாது. வருமுன் ஒலிக்கும் சங்கே காக்கும்.

தோழர்களே, கிரகணத்தன்று கண்ணுக்குத் தக்க காப்பணிந்து வானின் எழிலைக் காணுங்கள். எச்சரிக்கைச் சங்கு ஒலித்தால் மேட்டை நோக்கி ஓடுங்கள். முன்னதில் அச்சமும் பின்னதில் அசட்டையும் வேண்டா.