மரமல்லிக்கு எத்தனை பெயர்

பெங்களூரில் மரங்களைப் படம் பிடிக்கிறவனுக்கு ஓய்வு கிடையாது. மரமல்லி உதிர்ந்து முடிவதற்குள் தபேபுயா வந்துவிடும். அதன் பின்னாலேயே ஜக்கராண்டா, சித்திரை வெயிலில் குல்மோகரும் சரக்கொன்றையும். இது தானாக அமைந்ததல்ல. 1908-ல் மைசூர் சமஸ்தானத்துக்கு வந்து லால்பாக் தோட்டத்தின் பொறுப்பேற்ற ஜெர்மானியர் கிரும்பீகல், வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தெரு பூத்திருக்க வேண்டும் என்று மரங்களைத் தேர்ந்து நடவைத்தார். அவருக்குப் பின் வந்த ஜவராயாவும் மரிகௌடாவும் அந்தப் பணியைத் தொடர்ந்தார்கள்.

அந்த மரங்களின் படங்கள் என்னிடம் நாற்பதாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அவற்றை அடுக்கிவைக்கும் வேலை, படம் எடுப்பதற்குக் கொஞ்சமும் குறையாத கலை என்பது என் அனுபவம்.

நான் பயன்படுத்துவது அடோபியின் லைட்ரூம். 2007-ல் முதல் பதிப்பு வந்தது. பலருக்கும் அது வெளிச்சம் கூட்டிக் குறைக்கிற மென்பொருள். எனக்கு அதன் அழகு லைப்ரரிப் பகுதியில்தான். அதன் கேட்டலாகுக்குள் ஒரு படம்கூடக் கிடையாது. எந்தப் படம் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, அதற்கு நாம் என்ன பெயர் வைத்தோம், என்ன திருத்தம் செய்தோம் என்ற குறிப்புகள் மட்டுமே ஒரு தரவுத்தளக் கோப்பில் பதிவாகின்றன. எத்தனை முறை திருத்தினாலும் மூலப்படத்தின் மேல் கை படுவதில்லை. பத்து வருஷத்துக்கு முன் நான் கன்னாபின்னாவென்று நிறம் ஏற்றிய படங்களை இன்று ஒரே சொடுக்கில் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிகிறது.

முதல் வேலை கழிப்பது. ஒரு மழை நாளில் எடுத்த ஜக்கராண்டா படங்கள் அறுபது. பிடித்தால் ‘P’ விசை, வேண்டாம் என்றால் ‘X’. மிஞ்சியவற்றைத் தேர்ந்துகொண்டு ‘N’ விசையைத் தட்டினால் எல்லாம் ஒரே திரையில் பக்கம் பக்கமாக வந்து நிற்கும். ஒன்றை விலக்க, மற்றவை இன்னும் பெரிதாகும். கடைசியில் இரண்டு நின்றன. ஒன்றில் ஆட்டோவின் கூரை முழுக்க ஊதாப் பூ, துல்லியமான படம். மற்றதில் ஓட்டுநரின் கை கண்ணாடியிலிருந்து அந்தப் பூவை வழித்துத் தள்ளுகிறது, விரல் நுனி கலங்கியிருக்கிறது. அரை மணி நேரம் பார்த்தேன். கலங்கிய கைக்குத்தான் ஐந்து நட்சத்திரம்.

அடுத்தது பெயர் வைப்பது. ருசி முழுக்க இங்கேதான். இந்த ஊரில் ஒரு மரத்துக்கு ஒரு பெயர் போதாது. அம்மாவுக்குப் புங்கமரம், கன்னடம் பேசும் பக்கத்து வீட்டுக்கு ஹொங்கே. எங்களுக்குச் சரக்கொன்றை, அவர்களுக்குக் கக்கே. மரமல்லியை ஆகாச மல்லிகே என்கிறார்கள். பூ வந்து விழும் உயரத்தை நினைத்தால் அவர்கள் வைத்த பெயர்தான் ஒரு படி மேல். லைட்ரூமில் ஒரு குறிச்சொல்லின் கீழேயே அதன் மாற்றுப் பெயர்களையும் எழுதிவைக்க இடம் இருக்கிறது; படத்தை வெளியே அனுப்பும்போது அவையும் கூடவே போகும். தமிழ் எழுத்திலேயே எழுதலாம். மரப் பெயரோடு நான் நிறுத்துவதில்லை. ‘உதிர்ந்த பூ’, ‘ஈரத் தரை’, ‘கோலம்’, ‘கூட்டுகிறவர்’ என்று படத்தில் நடப்பதையும் எழுதுகிறேன். அதை எழுத உட்கார்ந்தால்தான், எடுத்தபோது கவனிக்காததெல்லாம் கண்ணில் படுகிறது.

தேதி விஷயத்தில் ஒரு முறை ஏமாந்தேன். கேமராவின் பேட்டரி முழுக்கத் தீர்ந்து, உள்ளே இருந்த கடிகாரம் ஜனவரி 1-க்குத் திரும்பியிருந்ததை நான் பார்க்கவில்லை. மாதக்கணக்கு கழித்துப் பட்டியலைப் புரட்டும்போது ஜனவரியில் குல்மோகர் தீயாகப் பூத்திருந்தது! மரத்தை நம்பித்தான் தவற்றைப் பிடித்தேன். எடுத்த நேரத்தை மொத்தமாகத் தள்ளிவைக்கும் வசதி இருப்பதால் எல்லாப் படங்களும் மே மாதத்துக்குப் போய்ச் சேர்ந்தன. குறிச்சொல்லால் வடிகட்டித் தேதிப்படி வரிசைப்படுத்தினால், கிரும்பீகல் மனதில் வைத்திருந்த வரிசை அப்படியே திரையில் நகர்கிறது.

போன மாதம் எதிர்வீட்டு அஜ்ஜி வந்து, ஆகாச மல்லிகே போட்டோ இருக்கிறதா என்று கேட்டார். ‘மரமல்லி’யையும் ‘கோலம்’ என்பதையும் சேர்த்துத் தேடினேன். நாற்பதாயிரத்தில் ஏழு படங்கள் வந்தன. விடிகாலை, ஈர வாசல், புள்ளிகளுக்கு நடுவே நீளக் காம்போடு வெள்ளைப் பூக்கள். அஜ்ஜி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது படத்தின் மேல் விரலை வைத்தார். அது அவர் போட்ட கோலம்.