பயிற்சி அட்டையின் தோன்றா எழுவாய்

வியங்கோள் வினைமுற்று இருதிணைக்கும் ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொது என்று ஒவ்வொரு ஆண்டும் இலக்கண வகுப்பில் சொல்லித் தருகிறேன். ‘வாழ்க’ என்றால் அவனும் வாழலாம், அவளும் வாழலாம், அதுவும் வாழலாம். இன்றைய உரைநடையில் அந்த இடத்தைப் பெரும்பாலும் ‘செய்யவும்’ என்ற வடிவம் எடுத்துக்கொண்டிருக்கிறது. அரசு அறிவிப்பிலும் வங்கிப் படிவத்திலும் மருந்துச் சீட்டிலும் அதுதான். மரியாதையான வடிவம், யாரையும் விரல் நீட்டிச் சொல்லாது. யார் செய்ய வேண்டும் என்பது தோன்றா எழுவாயாக உள்ளே நின்றுவிடும்.

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளின் வீடுகளில் இந்த வினைமுற்றால் நிரம்பிய ஒரு தாளைப் பார்க்கலாம். பிசியோதெரபி பிரிவில் கொடுத்தனுப்பும் வீட்டுப் பயிற்சி அட்டை அது. முழங்காலை மெதுவாக நீட்டவும். பத்து வரை எண்ணவும். பத்து முறை செய்யவும். தினமும் செய்யவும். பக்கத்தில் கோட்டுப் படங்கள் இருக்கும். நான் பார்த்த அட்டைகளில் குழந்தைக்கு முழு உருவம் உண்டு. பயிற்சி தருபவருக்கு மணிக்கட்டு வரைதான். இரண்டு கைகள் எங்கிருந்தோ வந்து குழந்தையின் காலைப் பிடித்திருக்கும். அந்தக் கைகளுக்கு முகம் கிடையாது, முதுகு கிடையாது, அடுப்பில் கொதிக்கும் உலை கிடையாது.

கவிதையையும் நாவலையும் மட்டும் பெண்ணிய வாசிப்புக்கு உட்படுத்திவிட்டு இந்தத் தாளை விட்டுவிட முடியாது. இதுவும் ஒரு பிரதி. நாள்தோறும் படிக்கப்படுகிற, ஓர் உடலின் மீது நிகழ்த்தப்படுகிற பிரதி. அதன் இலக்கணம் எல்லாப் பாலுக்கும் பொதுவாக இருக்கிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் அது பெண்பாலாக மாறிவிடுகிறது.

நான் பிறந்த காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்குச் சொந்தம். கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அக்கா தங்கைகளின் வீடுகள் அடுத்தடுத்து இருக்கும். தெருவுக்கு வராமலே பெண்கள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்வர முடுக்குகள் உண்டு. ஊனத்தோடு குழந்தை பிறந்தால் ‘உன் வயிற்றுக் கோளாறு’ என்று சொல்லித் தாயைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்தைப் பல ஊர்களில் கேட்டிருக்கிறோம். இங்கே அவளை வெளியே அனுப்ப யாருக்கும் வாசற்படி இல்லை; அவள் இருப்பதே அவள் வீடு. உம்மா இருக்கிறார், சாச்சி இருக்கிறார், லாத்தா இருக்கிறார். குழந்தையைத் தூக்க இன்னொரு கை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இதன் அருமையை நகரத்து அடுக்குமாடியில் தனியாகப் பிள்ளை வளர்க்கும் பெண்ணிடம் கேட்க வேண்டும்.

ஆனாலும் அந்த இன்னொரு கை யாருடையது என்று பாருங்கள். வேலை ஒரு பெண்ணிடமிருந்து நான்கு பெண்களுக்குப் பரவுகிறது, பெண்களைத் தாண்டிப் போவதில்லை. ஆண்களில் பலர் சென்னை, இலங்கை, வளைகுடா, ஹாங்காங் என்று தொழிலுக்குப் போயிருப்பார்கள். உறவில் எனக்குத் தங்கை முறை உள்ள ஒருத்தியின் மகளுக்கு ஒன்பது வயது. இரண்டு கால்களும் இறுகியிருக்கும். தங்கை ஒருநாள் சொன்னாள்: “லாத்தா, பத்துத் தடவன்னு போட்டிருக்காங்க. அந்நேரம் அடுப்புல இருக்கறத யாரு பாப்பான்னு போடலியே. இவ வாப்பா போன் பண்ணுனா முதல்ல கேக்கறது, இன்னைக்கு எக்சர்சைஸ் குடுத்தியான்னுதான்.”

அந்தக் ‘குடுத்தியா’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பயிற்சியை நாம் மருந்துபோலக் ‘கொடுக்கிறோம்’. தாய் கொடுப்பவள், குழந்தை வாங்கிக்கொள்வது, தந்தை கணக்குக் கேட்பவர். மூவருக்கும் இந்த ஒரே வினை இடம் ஒதுக்கிவிடுகிறது.

2019 பிப்ரவரியில் திரையரங்குகளுக்கு வந்த ராமின் ‘பேரன்பு’ படத்தை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். மூளை முடக்குவாதம் உள்ள பெண் குழந்தையைத் தமிழ் சினிமா இவ்வளவு அருகில், இவ்வளவு பொறுமையோடு பார்த்தது அரிது. சாதனா அந்த உடலைக் கேலிக்கும் இரக்கத்துக்கும் அப்பால் நிறுத்தினார். வெளிநாட்டில் பல ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பும் தந்தையாக மம்மூட்டி. மனைவி மகளை விட்டுப் போய்விட, அவர் மகளைக் கற்றுக்கொள்ளத் தொடங்குகிறார். பூப்பெய்தும் மகளின் உடலும் அதன் விருப்பமும் தந்தைக்கு முன் கேள்வியாக வந்து நிற்கும் காட்சிகளுக்காகவே இந்தப் படத்தை வகுப்பறைக்கு எடுத்துச்செல்ல வேண்டும்.

ஆனால் கதை எங்கே தொடங்குகிறது? தந்தையின் கைக்குக் குழந்தை வந்த நாளில். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்தக் குழந்தைக்குச் சோறூட்டி, கழுவிவிட்டு, தூக்கிச் சுமந்தவள் படத்துக்கு வெளியே நிற்கிறாள். அவள் ஏன் போனாள் என்பதைப் படம் மறைக்கவில்லை. அவளை எளிய வில்லியாகவும் ஆக்கவில்லை. ஆயினும் அவளுடைய உழைப்பு நமக்குத் தகவலாக மட்டுமே வருகிறது, காட்சியாக வருவதில்லை. தந்தை செய்தால் பேரன்பு. தாய் செய்தால் அன்றாடம். படத்தைக் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நம் ரசனையின் பழக்கம் இது. பெண் செய்யும் பராமரிப்பு கதையாக வேண்டுமென்றால், முதலில் அவள் அதைச் செய்யாமல் நிறுத்த வேண்டியிருக்கிறது.

அட்டைக்குத் திரும்புவோம். அதற்கென ஒரு வரலாறு இருக்கிறது. வளரும் மூளையில், பிறப்புக்கு முன்போ பிறக்கும்போதோ பிறந்த சில காலத்துக்குள்ளோ ஏற்படும் பாதிப்புதான் மூளை முடக்குவாதம். மூளையின் காயம் மேலும் பெருகுவதில்லை. குழந்தை வளர வளரத் தசை இறுக்கத்தின் விளைவுகள் மாறிக்கொண்டிருக்கும். அதனால்தான் பயிற்சி தேவைப்படுகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லண்டனில் பெர்ட்டா போபாத்தும் அவர் கணவர் கரேல் போபாத்தும் உருவாக்கத் தொடங்கிய முறையில், சிகிச்சையாளரின் கைகள் குழந்தையின் அசைவை வழிநடத்தின. அமெரிக்காவில் கிளென் டோமனும் அவர் குழுவினரும் பரப்பிய முறை இன்னும் கடுமையானது. பல பேர் சேர்ந்து குழந்தையின் தலையையும் கைகால்களையும் பிடித்து ஊர்வதுபோல் அசைக்க வேண்டும். நாளுக்குப் பல தடவை, வாரம் முழுவதும், ஆண்டுக்கணக்கில். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 1968, 1982, 1999 ஆகிய ஆண்டுகளில் அந்த முறைக்கு எதிராக அறிக்கை வெளியிட்டது. பலன் நிறுவப்படவில்லை என்பதோடு, அது குடும்பத்தின் மீது ஏற்றும் சுமையையும் கழகம் சுட்டிக்காட்டியது. முடிவே இல்லாத பயிற்சிக்கு ஒரு வசதி உண்டு. குழந்தையிடம் மாற்றம் வரவில்லையென்றால் முறையைக் குறைசொல்ல வேண்டியதில்லை. ‘சரியாகச் செய்யவில்லை’ என்று தாயைச் சொல்லிவிடலாம்.

இலக்கணத்தில் இதற்குப் பிறவினை என்று பெயர். உட்கார வைக்கிறாள், நிற்க வைக்கிறாள், நடத்துகிறாள். செயல் நிகழும் உடல் குழந்தையுடையது, எழுவாய் வேறொருத்தி.

மருத்துவ அறிவு இப்போது தன்வினையை நோக்கி நகர்ந்திருக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர் அயோனா நோவாக்கும் அவர் குழுவினரும் 2013இல் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து, போக்குவரத்து விளக்குபோலப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று சிகிச்சைகளைத் தரம்பிரித்தார்கள். கையால் தசையை இழுத்து நீட்டும் முறைகளுக்கு வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. குழந்தை தனக்கு வேண்டிய ஒரு செயலைத் தானே திரும்பத் திரும்பச் செய்து பழகும் முறைகள் பச்சையில் நின்றன. குவளையை எடுப்பது, பொத்தான் போடுவது, நாற்காலியிலிருந்து எழுவது போன்றவை. வீட்டுப் பயிற்சியும் பச்சையில்தான் இருக்கிறது, குடும்பமும் குழந்தையும் சேர்ந்து இலக்கைத் தீர்மானிக்கும்போது. நோவாக் 2009இல் 36 குழந்தைகளோடு நடத்திய ஓர் ஆய்வில், வீட்டுப் பயிற்சி எட்டு வாரங்களிலேயே பலன் காட்டியது. அந்தப் பெற்றோர் சராசரியாகச் செலவிட்டது மாதத்துக்குப் பதினேழு பதினெட்டுத் தடவை, தடவைக்குப் பதினாறு பதினேழு நிமிடம். மூன்று வேளையும் அட்டையைப் பார்த்துத் தலைகுனியும் தாய்மாருக்கு இந்த எண்களை யாராவது உரக்கப் படித்துக்காட்ட வேண்டும்.

காயல்பட்டினத்துக் குழந்தைக்கு இலக்கு என்னவாக இருக்கும்? முடுக்குக் கதவின் கொண்டியைத் தானே திறந்து பெரியம்மா வீட்டுக்குப் போவது. மாலையில் கடற்கரை மணலில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பள்ளம் தோண்டுவது. அதில் கைக்கும் இடுப்புக்கும் வேண்டிய பயிற்சி அத்தனையும் இருக்கிறது, விளையாட்டும் இருக்கிறது. எல்லாக் குழந்தையும் நடந்துவிடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கனடாவில் ராபர்ட் பாலிசானோ, பீட்டர் ரோசன்பாம் முதலியோர் 1997இல் வெளியிட்ட வகைப்பாடு அசைவுத் திறனை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறது. முதல் நிலையில் உள்ள குழந்தை படி ஏறும். ஐந்தாம் நிலையில் உள்ள குழந்தைக்குச் சக்கர நாற்காலியும் அதைத் தள்ள ஆளும் தேவைப்படும். ‘நடந்துடுவாளா?’ என்ற ஒற்றைக் கேள்வியால் அந்தக் குழந்தையின் முழு வாழ்க்கையையும் அளப்பது அநியாயம். சக்கர நாற்காலியில் முடுக்கைக் கடந்தாலும் அவள் பெரியம்மா வீட்டுக்குப் போனவள்தான்.

இதே ரோசன்பாம், ஜான் வில்லெம் கோர்ட்டருடன் சேர்ந்து பின்னாளில் ஆறு சொற்களை முன்வைத்தார். செயல்பாடு, குடும்பம், உடல் வலு, மகிழ்ச்சி, நட்பு, எதிர்காலம். அழகான பட்டியல். ஆனால் தமிழாசிரியை என்ற முறையில் எனக்கு ஒரு சொல்லில் தயக்கம் உண்டு. குடும்பம் அஃறிணை, ஒருமை. குடும்பத்துக்குக் கை இல்லை, முதுகு இல்லை. ‘குடும்பம் பார்த்துக்கொள்ளும்’ என்று எந்தத் திட்டம் எழுதினாலும், அந்த அஃறிணைக்குள் உயர்திணைப் பெண்பால் ஒருத்தி இருக்கிறாள். நான்கு கிலோவில் தூக்கத் தொடங்கிய குழந்தையை இருபத்தைந்து கிலோவிலும் அவள்தான் தூத்துக்குடி பஸ்ஸில் ஏற்றுகிறாள்.

இந்தியாவில் இந்தத் துறையைக் கட்டியவர்களில் பலர் தாய்மார். 1972இல் மும்பையில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவைத் தொடங்கிய மிது அலூர், 1985இல் சென்னையில் இன்றைய வித்யாசாகரைத் தொடங்கிய பூனம் நடராஜன் இருவரும் தங்கள் பிள்ளைகளை வளர்த்தபடியே நிறுவனங்களை வளர்த்தார்கள். அவர்களைத் தியாகத் தாய்களாகப் பாராட்டுவது சுலபம். அவர்கள் உருவாக்கியது அறிவு, அதை அறிவு என்றே அழைக்க வேண்டும். நமக்குப் பக்கத்திலேயே, தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இன்னொரு வழியைக் காட்டுகிறது. உள்ளூர்ப் பெண்கள் பலரைப் பயிற்றுவித்து, மறுவாழ்வுப் பணியாளர்களாகக் குழந்தைகளின் வீடுகளுக்கு அனுப்புகிறது. குழந்தையை வளர்க்கும் இந்த நுட்பம் அங்கே சம்பளம் உள்ள வேலையாகிறது. அது பெண்களுக்கே உரிய வேலையாக நின்றுவிடுமா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. ஆனாலும் சம்பளப் பட்டியலில் பெயர் ஏறும்போது தோன்றா எழுவாய் தோன்றும் எழுவாயாகிவிடுகிறது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் மூளை முடக்குவாதமும் ஒன்று. ஆறு முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி அந்தக் குழந்தைகளின் உரிமை. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருகிறார். வருகிற சிகிச்சையாளர் யாரிடம் பேசுகிறார் என்பதில்தான் இனி நம் கவனம் இருக்க வேண்டும். விடுமுறையில் வந்திருக்கும் வாப்பாவுக்கும் காக்காவுக்கும் அவர் கற்றுக்கொடுக்கிறாரா? தாயின் முதுகுவலியைக் கேட்கிறாரா? எல்லாவற்றுக்கும் முன்பு, ‘உனக்கு என்ன செய்யப் பிடிக்கும்?’ என்று குழந்தையிடம் கேட்கிறாரா?

மிது அலூரின் மகள் மாலினி சிப், ஒற்றை விரலால் தட்டச்சு செய்து தன் வாழ்க்கையை நூலாக எழுதினார். அந்த விரல் யாருடைய பிறவினைக்கும் கட்டுப்பட்டதன்று. ஒரு பெண்ணின் உடலை அவள் அனுமதி கேட்டே தொட வேண்டும் என்று நாம் மேடைதோறும் பேசுகிறோம். நாள்தோறும் பல கைகள் பிடித்து நீட்டுகிற, மடக்குகிற உடலோடு வளரும் ஒரு சிறுமிக்கு அந்தப் பாடத்தை யார் சொல்லித் தருவது? அவள் ‘இன்னைக்கு வேண்டாம்’ என்று சொல்லும்போது அதை அடமென்று குறித்துக்கொள்ளாமல் பேச்சென்று கேட்க வேண்டும். வாய் பேசாத குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் அதுவும் பேச்சுதான். அவள் உடல்மீது அவளுக்குள்ள உரிமையின் முதல் தன்வினை அது. அதை எழுத எந்தப் பயிற்சி அட்டையிலும் இன்னும் இடம் விடப்படவில்லை.